ஆம்னி வேனின் இரைச்சலையும் சூட்டையும் அடக்குவது எப்படி

சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாயை ஏறி தர்மபுரிக்கு வரும் ஆம்னியில் முன்சீட்டில் உட்கார்ந்தவருக்கு, எஞ்சின் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொடையே சொல்லிவிடும். 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை முன்சீட்டுக்குக் கீழே வைத்துக் கட்டிய வண்டி அது. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது. 2019-இல் உற்பத்தி நின்றது. ஆனாலும் பாலக்கோடு தக்காளி மண்டியிலும் காவேரிப்பட்டணம் மாங்காய் சீசனிலும் இன்னும் வரிசைகட்டி நிற்கிறது. வெளிநாட்டில் உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் 'கிட் கார்'காரர்களுக்கு என்ன தொல்லையோ, அதே தொல்லைதான் இதிலும்: மெல்லிய தகரம், தட்டையான பரப்பு, காலுக்குப் பக்கத்தில் எஞ்சின், இடையில் மறைப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

கடைக்குப் போனால் பளபளவென்று அலுமினியத் தாள் ஒட்டிய கறுப்பு ஷீட்டைக் காட்டி, "வண்டி முழுக்க இதையே ஒட்டிடலாம் சார்" என்பார்கள். வீண் செலவு அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஷீட் செய்வது ஒரு வேலையை மட்டும். சூட்டுக்கு அது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. காற்று வழியாக வரும் இரைச்சலுக்கும் பெரிதாக உதவாது.

மூன்று வேலை, மூன்று பொருள்

முதல் வேலை, தகரம் அதிர்வதை நிறுத்துவது. விரல் முட்டியால் கூரையைத் தட்டுங்கள். 'டங்ங்' என்று இழுத்தால் அந்தத் தகரம் எஞ்சின் அதிர்வையும் சாலை அதிர்வையும் வாங்கி ஸ்பீக்கர் மாதிரி பாடிக்கொண்டிருக்கிறது. இதற்குத்தான் பியூட்டைல் ஷீட். பிசின் போன்ற பியூட்டைல் ரப்பர் தகரத்துக்கும் மேலே உள்ள அலுமினியத் தாளுக்கும் நடுவில் சிக்கி, அதிர்வு வரும்போதெல்லாம் இழுபட்டு, அந்த ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக மாற்றித் தீர்த்துவிடும். அலுமினியத் தாள் இங்கே அழகுக்கு அல்ல; அது விறைப்பாக இருந்தால்தான் நடுவில் உள்ள ரப்பர் இழுபடும். ஆகவே தாள் 100 மைக்ரானாவது இருக்க வேண்டும். நகம் பட்டால் கிழியும் தாள் ஒட்டியதை வாங்காதீர்கள். இன்னொன்று: தகரத்தின் நடுப்பகுதியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஓரங்கள் வளைத்து மடித்தவை, ஏற்கெனவே விறைப்பானவை. முழுக்க ஒட்டினால் எடைதான் கூடும்.

இரண்டாவது வேலை, காற்றில் வரும் சத்தத்தைத் தடுப்பது. அதற்குக் கனம் வேண்டும், தொய்வும் வேண்டும். சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனமான வினைல் ஷீட் இதற்கானது. தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் கோட்பாட்டின்படி 6 டெசிபெல் கூடுதலாகக் குறையும். ஆனால் ஓட்டை இருந்தால் எல்லாம் போச்சு. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தால், மற்ற 99 பங்கில் எவ்வளவு கனமான பொருளைப் போட்டாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. தண்ணீருக்கு வழி அடைப்பதுபோல்தான் சத்தத்துக்கும் அடைக்க வேண்டும்.

மூன்றாவது வேலை, சூட்டை மட்டுப்படுத்துவது. இதற்கு மூடிய துளை ஃபோம்: ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் அல்லது எக்ஸ்.எல்.பி.இ. (பாலித்தீன் வகை) ஃபோம். தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டும் வரக்கூடாது. அப்படி வந்தால் அது மூடிய துளை இல்லை. கூரையில் 10 மி.மீ. நைட்ரைல் ஒட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். வெளித் தகரம் 65 டிகிரி, உள்ளே காற்று 40 டிகிரி என்றால், வெறும் தகரம் வழியாக உள்ளே இறங்கும் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ஃபோம் வழியாக இறங்கும். ஓடும்போது இந்த வித்தியாசம் தலைக்குத் தெரியும். நாள் முழுக்க வெயிலில் நிறுத்திவைத்தால் தெரியாது. எந்த ஃபோமும் சூட்டைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. நிறுத்த வேண்டுமானால் புளியமர நிழல் பாருங்கள்.

பளபளக்கும் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியம் சூட்டைத் திருப்பி அனுப்புவது அதன் முன்னால் காற்று இடைவெளி இருந்தால் மட்டுமே. தகரத்துக்கும் ஃபோமுக்கும் நடுவில் அழுந்திக் கிடக்கும் தாள் வெறும் உலோகம். சூட்டைக் கடத்தத்தான் செய்யும்.

ஒட்டுவதற்கு முன் பழுது பாருங்கள்

பல ஆம்னிகளில் சத்தத்தின் மூலம் வேறு எங்கோ இருக்கும். எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தால் ஐடிலில் ஸ்டியரிங் நடுங்கும். அதை மாற்றாமல் எத்தனை ஷீட் ஒட்டினாலும் பயனில்லை. தள்ளுகதவின் ரோலர் தேய்ந்தால் கதவு சட்டத்தில் தொங்கிக் குலுங்கும். கதவு பீடிங் (ஓர ரப்பர்) காய்ந்து வெடித்திருந்தால் காற்று விசில் அடிக்கும்.

எல்லாவற்றுக்கும் முதலில் சைலன்சர். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியில் எக்ஸாஸ்ட் ஒழுகினால் அது சத்தப் பிரச்சினை மட்டுமல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும்போது தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கி உயிர் வரை போகும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத் துணியால் சில விநாடி லேசாக மறையுங்கள். மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) பக்கமோ இணைப்பிலோ 'புஸ் புஸ்' என்று கேட்டால், அல்லது கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கேபினை நன்றாக அடைத்துவிட்டு ஒழுகலை உள்ளே விட்டால் நிலைமை முன்பைவிட மோசம்.

தரையில் துரு ஓட்டை இருந்தால் பட்டறையில் பேட்ச் வெல்டிங் இப்போதே முடிக்க வேண்டும். வெல்டிங் என்றால் பெட்ரோல் டேங்க், குழாய் எல்லாம் கழற்றிய பிறகுதான். ஃபோம் ஒட்டிய பிறகு அந்தப் பக்கம் வெல்டிங் பொறி பறக்கவே கூடாது.

வாங்க வேண்டியது

கிருஷ்ணகிரி, தர்மபுரியில் சீட் கவர் கடைகளிலும் கார் ஆடியோ கடைகளிலும் பியூட்டைல் ஷீட் கிடைக்கும். நைட்ரைல் ஃபோமுக்கு ஏ.சி. டக்ட் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள்; ஓசூரில் தொழிற்சாலை வேலைக்கு அது நிறையப் புழங்குகிறது, வெட்டி மீந்த துண்டுகள் சல்லிசாகவும் கிடைக்கும். கனமான வினைலுக்குப் பெரும்பாலும் பெங்களூரு ஜே.சி. ரோடுதான் போக வேண்டியிருக்கும்.

ஒரு ஐந்து சீட் ஆம்னிக்கு 2 மி.மீ. பியூட்டைல் கணக்கு, சதுர அடியில்: கூரை 12, முன்கதவு இரண்டுக்கும் சேர்த்து 12, தள்ளுகதவு இரண்டுக்கும் 6, தரை 8, பின்சக்கர மேடு இரண்டும் 6, எஞ்சின் மூடியும் அதன் சுற்றுச் சுவரும் 6, பின்பக்கவாட்டு 4, பின்கதவு 2, முன்முகம் 3. மொத்தம் 59. வெட்டுக் கழிவையும் சேர்த்து 65 வாங்குங்கள். நல்ல 2 மி.மீ. ஷீட் சதுர அடிக்கு சுமார் 300 கிராம் வரும். 65 சதுர அடி என்றால் 19 கிலோவைத் தாண்டும். மளிகைக்கடைத் தராசில் ஒரு துண்டை நிறுத்துப் பார்க்கத் தயங்க வேண்டாம். 200 கிராம்தான் நிற்கிறது என்றால் 2 மி.மீ. என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

10 மி.மீ. நைட்ரைல் கூரைக்கு 30 சதுர அடி, பின்பக்கவாட்டுக்கு 8. தரைக்கு 6 மி.மீ. எக்ஸ்.எல்.பி.இ. 25. வினைல் ஷீட் எஞ்சின் மூடிக்கும் முன் காலடிக்கும் மட்டும் 12. எல்லாம் சேர்ந்து வண்டியில் சுமார் 30 கிலோ ஏறும். இந்த எஞ்சினுக்கு அதற்கு மேல் சுமத்தினால் அதே தொப்பூர் ஏற்றத்தில் வட்டியோடு வசூலித்துவிடும்.

வாங்கக் கூடாதவை மூன்று. மாடித் தகரக் கூரை ஒழுகலுக்கு ஒட்டும் அலுமினிய டேப்பில் பல தார் கலந்தவை. சித்திரை வெயிலில் இளகி, நாறி, கூரையிலிருந்து தலையில் விழும். சந்தேகமா? ஒரு துண்டை பைக் டேங்க் மேல் மத்தியானம் வைத்து விரலால் அழுத்துங்கள். விரலில் கறுப்பு ஒட்டி, ரோடு போடும் வாசம் வந்தால் அது தார். அடுத்தது தெர்மாகோல்: ஃபோம் ஒட்டும் எஸ்.ஆர். பசையில் உள்ள கரைப்பான் பட்டாலே உருகிக் குழியாகும், தீயும் எளிதில் பிடிக்கும். மூன்றாவது, டின்னில் வரும் பி.யூ. ஸ்ப்ரே ஃபோம். தூணுக்குள்ளும் சில்லுக்குள்ளும் (கதவுக்குக் கீழே ஓடும் சட்டம்) அடித்துவிட்டால் தண்ணீர் வெளியேறும் வழி அடைபட்டு, இரண்டு மழைக்காலத்தில் உள்ளிருந்து துரு தின்றுவிடும்.

மற்றவை: எஸ்.ஆர். 998 வகைப் பசை, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் அரை லிட்டர், எப்பாக்ஸி பிரைமர் சிறிய டின், ஹீட் கன், கட்டர் கத்தி, பழுப்புத் தாள், சாக்பீஸ், தடித்த கையுறை. அலுமினியத் தாளின் விளிம்பு பிளேடு போல வெட்டும். கையுறையை அலட்சியம் செய்யாதீர்கள். அழுத்த ரோலருக்குத் தனியாகச் செலவு வேண்டாம், பஞ்சர் கடையில் பேட்ச் உருட்டும் சின்ன இரும்பு ரோலரே போதும்.

எப்போது செய்வது? தை முதல் பங்குனி வரை நல்லது. கத்திரி வெயிலில் பசை பூசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். மார்கழியில், அதுவும் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கக் குளிரில், பியூட்டைல் விறைத்துப்போய் ஒட்டாது; ஷீட்டை அரை மணி நேரம் வெயிலில் காட்டிவிட்டு எடுக்க வேண்டும்.

கழற்றுதலும் சுத்தமும்

முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். பிறகு சீட், மேட், கதவுப் பேடு, கூரை லைனிங். ஒவ்வொரு இடத்தின் ஸ்க்ரூவையும் தனித்தனிப் பையில் போட்டு எழுதிவையுங்கள். கிளிப் நான்கில் ஒன்று உடையும். ஒரு டஜன் புதிது வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

கிருஷ்ணகிரி வட்டாரத்து வண்டிகளில் கதவுக்குள்ளும் சில்லுக்குள்ளும் கிரானைட் தூசியும் செம்மண்ணும் குழைந்து படிந்திருக்கும். வாக்குவம் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். தக்காளி, மாங்காய் ஏற்றிய வண்டி என்றால் சாறு இறங்கிய இடத்தில் பெயிண்ட் உப்பியிருக்கும். அதை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்ற தகரம் வரும்வரை போய், எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடிக்க வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தால் ஈரத்தைத் தாங்காது. கடைசியில் ஒட்டும் இடம் முழுக்க ஆல்கஹாலால் துடையுங்கள். பெட்ரோலால் துடைப்பது பட்டறை வழக்கம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும், ஆபத்தும்கூட.

பியூட்டைலை எப்படி ஒட்டுவது என்பது சின்ன விஷயம்தான், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பழுப்புத் தாளில் அச்சு வெட்டி, ஷீட்டை அதன்படி வெட்டிக்கொள்ளுங்கள். பின்தாளை முழுதாக உரிக்காமல், ஒரு விளிம்பில் இரண்டு அங்குலம் உரித்து ஒட்டி, உரித்துக்கொண்டே ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். மேலே உள்ள மேடுபள்ள வடிவம் தட்டையாகும்வரை அழுத்த வேண்டும். குமிழ் வந்தால் கத்தி நுனியால் குத்திக் காற்றை வெளியேற்றி மறுபடி உருட்டுங்கள். குமிழ் உள்ள இடத்தில் ஷீட் தகரத்தோடு ஒட்டவில்லை என்று பொருள். அங்கே அது வெறும் சுமை. ஒட்டியபின் தட்டிப் பாருங்கள், 'டங்' போய் 'டப்' வர வேண்டும். சீட்டுத் தண்டவாளத்தின் போல்ட், பெல்ட் போல்ட், எர்த் ஒயர் பிடிக்கும் இடம் ஆகியவற்றைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டுவிடுங்கள். ஷீட்டின்மேல் போல்ட்டை முறுக்கினால், நாளாக ஆக ரப்பர் அமுங்கி போல்ட் தளரும். பெல்ட் போல்ட் தளர்வது விளையாட்டு இல்லை.

சீட்டுக்கு அடியில்

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும், கையில் காசும் குறைவு என்றால் இந்தப் பகுதியை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள். இரைச்சலிலும் சூட்டிலும் பெரும்பங்கு வருவது எஞ்சின் மூடியின் ஓரத்திலிருந்து.

இருட்டிய பிறகு, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, செல்போன் டார்ச்சை எரியவிட்டு எஞ்சின் அறைக்குள் வையுங்கள். மூடியைப் பூட்டிவிட்டு கேபினிலிருந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் சூட்டுக்காற்றும் வரும் இடம். மூடியின் ஓரம், கியர் லீவரின் ரப்பர் பூட், ஹேண்ட் பிரேக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஒயரிங் நுழையும் துளைகள், என்றோ கழற்றிய ஏதோ ஒரு பாகத்தின் ஸ்க்ரூ ஓட்டைகள் என்று ஒவ்வொன்றையும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஒயர், கேபிள் போகும் துளைக்குச் சரியான அளவு கிரோமெட் (ரப்பர் வளையம்) மாட்ட வேண்டும்; எம்சீல் வைத்து அடைத்தால் அடுத்த முறை கேபிள் மாற்றும்போது உடைக்க வேண்டிவரும். கிழிந்த கியர் பூட்டைப் புதிதாக மாற்றுங்கள்.

மூடியின் விளிம்புக்குப் புதிய ஈ.பி.டி.எம். ரப்பர் ஸ்பாஞ்ச் பீடிங். பழையது கல்லாக இறுகியிருக்கும். தடிமன் தேர்வு செய்ய, விளிம்பில் நான்கைந்து இடத்தில் சப்பாத்தி மாவு உருண்டை வைத்து மூடியை அழுத்திப் பூட்டித் திறந்து, நசுங்கிய மாவின் தடிமனை அளங்கள். பீடிங் அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் சரியாக அமுங்கும். அளவுக்கு மீறித் தடித்ததை ஒட்டினால் மூடி பூட்டாது, அல்லது பூட்டும் கொக்கி வளையும். மாட்டிய பிறகு ஒரு தாளை ஓரத்தில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எங்கே இழுத்தாலும் பிடி இருக்க வேண்டும்.

அடுத்து, மூடியின் கேபின் பக்கம். பியூட்டைல் பாதிப் பரப்புக்கு, அதன்மேல் 6 மி.மீ. நைட்ரைல் அல்லது எக்ஸ்.எல்.பி.இ., அதன்மேல் வினைல் ஷீட். வரிசை மாறக்கூடாது. வினைல் தகரத்தில் நேரடியாகப் படாமல் ஃபோமின் மேல் மிதந்தால்தான் தகரத்தின் அதிர்வு அதற்கு ஏறாது. மூடியின் விளிம்பில் 2 செ.மீ. விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் சீட் உட்காராது.

எஞ்சின் பக்கம்தான் தவறு உயிருக்கு வரும் இடம். அங்கே பியூட்டைலும் வேண்டாம், ரப்பர் ஃபோமும் வேண்டாம், பஞ்சு சேர்ந்த எதுவும் வேண்டவே வேண்டாம். ஆயிலும் பெட்ரோலும் தெறித்து ஊறிய ஃபோம் திரி போன்றது. அங்கே போட வேண்டியது அலுமினியத் தாள் முகமிட்ட கண்ணாடி இழை மேட். பளபளப்புப் பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். இங்கே காற்று இடைவெளி இருப்பதால் அந்தத் தாள் உண்மையிலேயே வேலை செய்யும். வெட்டிய விளிம்புகளை ஹீட் ஃபாயில் டேப்பால் நான்கு பக்கமும் மூடிவிடுங்கள். திறந்த இழை ஆயிலை உறிஞ்சும், கையிலும் கண்ணிலும் அரிக்கும். பசையை மட்டும் நம்பாதீர்கள். சூட்டில் விட்டுப்போய் மேட் பெல்ட்டிலோ மேனிஃபோல்டிலோ விழுந்தால் புகை வந்த பிறகுதான் தெரியும். 15 செ.மீ.க்கு ஒன்று வீதம் பெரிய வாஷரோடு பாப் ரிவெட் அடியுங்கள். ட்ரில் போடும்முன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் மேட்டுக்கும் 5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும், இல்லையென்றால் இடையில் அலுமினியத் தகடு ஒன்றை ஸ்பேசர் வைத்துத் தனியாகப் பூட்டுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த தகட்டு மறைப்பு ஏதாவது இருந்தால் அதைக் கழற்றி வீசிவிடாதீர்கள்.

எஞ்சின் அறையின் அடிப்பக்கத்தை அடைக்கும் ஆசையும் சிலருக்கு வரும். கூடாது. சூட்டுக்காற்று வெளியேறும் வழி அது.

கூரை

லைனிங் கம்பியில் தொங்கும் வகை என்றால், கம்பிகளுக்கு முன்னிருந்து பின்னாக 1, 2, 3 என்று எண் போட்டு, இடது முனைக்கு ஒரு துளி பெயிண்ட் வையுங்கள். எல்லாக் கம்பியும் ஒரே வளைவு என்று நினைத்து மாற்றி மாட்டினால் லைனிங் சுருங்கித் தொங்கும். கூரைக்கும் லைனிங்குக்கும் உள்ள இடைவெளியை அதே மாவு உருண்டையால் அளங்கள். ஃபோம் அதைவிட 2 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இடம் இருக்கிறதே என்று 19 மி.மீ. திணிப்பவர்கள் கடைசிக் கம்பியை மாட்ட முடியாமல் எல்லாவற்றையும் உரிப்பதுண்டு.

குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு பரப்பிலும் மையமாக ஒரு பட்டை பியூட்டைல் போதும். மழை கூரையில் கொட்டும் சத்தம் இதிலேயே அடங்கிவிடும். அதன்மேல் முழுப் பரப்புக்கும் நைட்ரைல். பசையைத் தகரத்திலும் ஃபோமிலும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு ஒரு விளிம்பிலிருந்து அழுத்திக்கொண்டே போங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கி மறுநாள் வெயிலில் உப்பும். ஒருமுறை ஒட்டியதை எடுத்து நகர்த்த முடியாது, ஆகவே இரண்டு பேராகச் செய்யுங்கள். விளிம்புகளை ஃபோம் டேப்பால் மூடிவிடுவது முக்கியம். மார்கழி விடியலில் உள்ளே இருப்பவர்களின் மூச்சு ஈரம் குளிர்ந்த கூரைத் தகரத்தில் வியர்க்கும். ஃபோமுக்குப் பின்னால் காற்று போக வழி இருந்தால் அந்த வியர்வை அங்கேயே தங்கித் துருவாகும். சீட் கவர் கடையின் சாதாரண மஞ்சள் பஞ்சு ஃபோமைக் கூரையில் போடக்கூடாது என்பதும் இதனால்தான்.

பசை வேலை முழுக்கக் கதவுகளைத் திறந்துவைத்து, முகமூடியோடு; பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. லைனிங் மாட்டும்முன் இரண்டு நாள் திறந்த வண்டியாகக் காற்றாடவிடுங்கள்.

கண்ணாடி வழியாக வரும் வெயிலை ஃபோம் தொடாது. ஃபிலிம் ஒட்டுவதானால் மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கதவுகள்

வெளித்தகரத்தின் நடுவில், வேலைத் துளை வழியாகக் கையை விட்டு, ஒவ்வொரு முன்கதவுக்கும் 3 சதுர அடி. பெரிய ஷீட் உள்ளே நுழையாது; ஒரு சதுர அடித் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியை மேலே ஏற்றிவைத்து ஒட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு இறக்கிப் பாருங்கள். உரசினால் அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும்.

கதவின் அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு எதுவும் ஒட்டாதீர்கள். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் அடிவிளிம்பின் சிறு துளைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரை கண்ணாடி ஓரத்தில் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள்.

உள்தகரத்தின் பெரிய துளைகளைப் பியூட்டைலாலேயே மூடிவிடுவது பலர் செய்வது. அன்றைக்கு நன்றாக இருக்கும். கண்ணாடி ஏற்றும் மெஷின் பழுதானால் பிசினைச் சுரண்ட வேண்டும். விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் ஏ.சி.பி. (அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பலகை) துண்டை அளவாக வெட்டி, ஓரத்தில் ஃபோம் டேப் ஒட்டி, நான்கு ஸ்க்ரூ போட்டால் கழற்றி மாட்டலாம். மீதமுள்ள உள்தகரத்தில் 3 சதுர அடி பியூட்டைல். தள்ளுகதவுக்கு வெளித்தகரத்தில் மட்டும் 3 சதுர அடி போதும். ரோலர் கை ஓடும் பாதையில் எதையும் ஒட்டாதீர்கள்.

தரை

தொழிற்சாலையில் ஒட்டிய தார்ப் பட்டைகள் உறுதியாக இருந்தால் அப்படியே விடுங்கள், உரித்தால்தான் வேலை. பின்சக்கர மேட்டை மட்டும் முழுக்க மூடுங்கள். ஜல்லி தெறிக்கும் சத்தம் அங்கிருந்துதான். தரையில் உள்ள ரப்பர் மூடிகளின் மேல் எதையும் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். தரையில் பியூட்டைல் ஒட்டியதும் அதன்மேல் 6 மி.மீ. எக்ஸ்.எல்.பி.இ. பரப்பி, இணைப்புகளை டேப் போட்டு, முன் காலடியில் மட்டும் வினைல், பிறகு மேட். பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் மூன்றும் முழுதாக அமுங்குகின்றனவா என்று காலால் மிதித்துப் பாருங்கள், 8 மி.மீ.க்கு மேல் உயர்ந்த தரை பெடலின் ஓட்டத்தைக் குறைத்துவிடும். சணல் மேட் விலை குறைவு, ஆனால் ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரம் விடாது.

எல்.பி.ஜி. சிலிண்டர் உள்ளே இருக்கும் வண்டியில் தனிக் கவனம் வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, ஒழுகினால் தரையில் தேங்கும். சிலிண்டரின் வால்விலிருந்து தரை வழியாக வெளியே போகும் காற்றுக் குழாயையும் அதன் துளையையும் எந்தப் பொருளாலும் மூடக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்துத் தரையை வெறுமனே விட்டுவிடுங்கள்.

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு: புதுப் பாடி கட்டிய பழைய ஜீப்பில் இந்த வேலையை ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) தொடங்குங்கள், ஆம்னியின் எஞ்சின் மூடிக்குச் சொன்னது அத்தனையும் அங்கே பொருந்தும். கித்தான் கூரைக்கு எதையும் ஒட்டிப் பயனில்லை. ஃபைபர் கூரையை ஒட்டும்முன் 120-ஆம் நம்பர் தாளால் லேசாகத் தேய்த்தால்தான் பசை பிடிக்கும்.

பலன் தெரிகிறதா?

வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே சாலையில், ஒரே கியரில், 60 கி.மீ. வேகத்தில், கண்ணாடி ஏற்றி, செல்போன் டெசிபெல் செயலியில் அளங்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் காவேரிப்பட்டணத்துக்கும் தர்மபுரிக்கும் இடையில் சமமான ஒரு துண்டைத் தேர்ந்துகொள்ளலாம். 'ஏ' அளவில் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்பக் கணக்கிடும் அளவு) 3 முதல் 5 டெசிபெல் வரை குறைந்தாலே நல்ல வேலை; 10 குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். அடிவயிற்றில் கேட்கும் 'பூம்' என்ற உறுமல் 'ஏ' அளவில் சரியாகத் தெரியாது. செயலியில் 'சி' அளவு இருந்தால் அதிலும் பாருங்கள்.

சூட்டுக்கு அகச்சிவப்பு தெர்மாமீட்டர் நல்லது, ஆனால் பளபளக்கும் தாளை நேராகக் குறிவைத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி, அதன்மேல் அளக்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிய பின் சீட்டுக்கு அடி, கூரை லைனிங், காலடி என்று மூன்று இடம் போதும்.

புதிதாக ஏதாவது கிறீச்சிடத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். பெரிய இரைச்சல் போனதும் பழைய சின்னச் சத்தங்கள் காதில் விழும்; பெரும்பாலும் கதவுப் பேடு கிளிப், டேஷ்போர்டு ஸ்க்ரூ. 500 கிலோமீட்டர் ஓடியதும் சீட் போல்ட், பெல்ட் போல்ட் எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து மேட்டின் ரிவெட்டுகளை இழுத்துப் பாருங்கள், ஆயில் கறை இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். முதல் மழைக்குப் பிறகு முன் காலடி மேட்டைத் தூக்கிக் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெரும்பாலும் முன்கண்ணாடி ரப்பரோ கதவு பீடிங்கோதான், அதை மாற்றிவிட்டு ஃபோமை எடுத்துக் காயவைத்த பிறகே திரும்பப் போடுங்கள்.